பின்வளவில் வீதிச் சத்தம்: காசைக் கொட்ட முன் தெரிந்திருக்க வேண்டியவை

நாங்கள் இப்போது இருக்கும் ஸ்காபரோ வீட்டை வாங்கியது ஒரு பெப்ரவரி மாதத்தில். பின்வளவு வேலிக்கு அந்தப் பக்கம் நான்கு வழி வீதி ஒன்று ஓடுகிறது என்பது தெரிந்துதான் வாங்கினோம். அதனால்தான் விலையும் எங்கள் கைக்கு எட்டியது. பார்க்கப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வளவெல்லாம் பனி மூடிக் கிடந்தது. பின்கதவைத் திறந்து நின்ற இரண்டு நிமிடமும் குளிரைப் பற்றித்தான் கதைத்தோம். சத்தத்தைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை.

மே மாதம் கதவைத் திறந்தபோதுதான் விசயம் விளங்கியது. அம்மாவுக்கு எண்பது வயதாகப் போகிறது. இரண்டு காதிலும் செவிப்புலன் கருவி. கத்தரி, மிளகாய், பயற்றைக் கன்றுகளை யன்னலோரம் முளைக்க வைத்து, எப்போது வெளியே நடலாம் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தவர் அவர். பின்னேரங்களில் எல்லோரும் டெக்கில் இருந்து தேத்தண்ணி குடிக்கலாம் என்றும் சொல்லி வைத்திருந்தார். ஒரு கிழமை வந்து இருந்தார். பிறகு கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஏன் என்று கேட்டதற்கு, “நீங்கள் கதைக்கிறது ஒண்டும் விளங்குதில்லை மோனை. எல்லாம் ஒரே இரைச்சலாக் கிடக்கு” என்றார்.

அந்தக் கோடையில், இப்படியான வீடு வாங்கிய எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். வேலியோரம் வரிசையாக இருபது சீடர் மரங்களை நட்டேன். கன்றும் மண்ணும் கூலியுமாக இரண்டாயிரம் டொலருக்கு மேல் போனது. சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அதற்குப் பிறகுதான் ஒலி எப்படிப் பயணம் செய்கிறது என்று வாசிக்கவும், அளந்து பார்க்கவும் தொடங்கினேன். வரிசை தலைகீழாகப் போய்விட்டது. முதலில் அளந்து, பிறகு வாசித்து, கடைசியாகச் செலவழித்திருக்க வேண்டும். இந்தக் கட்டுரையை எழுதுவது உங்களுக்கு அந்த இரண்டாயிரம் மிஞ்சட்டும் என்பதற்காகத்தான்.

இது வெறும் எரிச்சல் அல்ல

ஸ்காபரோ, மார்க்கம், பிரம்டன், மிசிசாகா போன்ற இடங்களில் பெரிய வீதிகளை ஒட்டிய பல குடியிருப்புகள் ஒரே மாதிரியாக அமைக்கப்பட்டவை. வீடுகள் உள்ளே இருக்கும் சிறு தெருவைப் பார்த்து நிற்கும். பின்வளவுகள் பெரிய வீதிக்கு முதுகு காட்டும். வீட்டு வாசல் அமைதியாக இருக்கும்; குடும்பம் கூடி இருக்க வேண்டிய பின்வளவில்தான் சத்தம். 401 நெடுஞ்சாலைக்குக் கிட்ட இருப்பவர்கள் நிலை இன்னும் மோசம். ரொறன்ரோவுக்குள் அதன் சில பகுதிகளில் ஒரு நாளைக்கு 4 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் ஓடுகின்றன.

வீதிச் சத்தத்தை உலக சுகாதார நிறுவனம் ஒரு சுகாதாரப் பிரச்சினையாகவே பார்க்கிறது. ஐரோப்பாவுக்காக 2018இல் அது வெளியிட்ட வழிகாட்டி, வீதிப் போக்குவரத்துச் சத்தம் பகல், மாலை, இரவு மூன்றையும் சேர்த்த சராசரியில் 53 டெசிபெலுக்குக் கீழும், இரவில் 45 டெசிபெலுக்குக் கீழும் இருக்க வேண்டும் என்கிறது. தூக்கம் குழம்புவது, இதய நோய் போன்றவற்றோடு இதற்குத் தொடர்பு இருப்பதே காரணம். மேற்கு ஐரோப்பாவில் போக்குவரத்துச் சத்தத்தால் ஒவ்வோர் ஆண்டும் குறைந்தது 10 இலட்சம் ஆரோக்கியமான வாழ்நாள் ஆண்டுகள் இழக்கப்படுகின்றன என்று அதே நிறுவனம் 2011இல் கணித்திருந்தது.

ஒன்ராறியோவில் புதிதாக வீடுகள் கட்டும்போது பின்பற்றப்படும் மாகாண வழிகாட்டி என்.பி.சி-300 என்பது. 2013இல் வந்தது. பின்வளவு போன்ற வெளி இருப்பிடங்களில் காலை 7 மணி முதல் இரவு 11 மணி வரையான சராசரி 55 டெசிபெலாக இருக்க வேண்டும் என்பது அதன் இலக்கு. இருவர் ஒரு மீற்றர் தூரத்தில் இருந்து சாதாரணமாகக் கதைக்கும்போது அந்தக் குரல் கிட்டத்தட்ட 60 டெசிபெல். ஆகவே 55 டெசிபெலில் குரலை உயர்த்தாமல் கதைக்கலாம். 65இல் குரலை உயர்த்த வேண்டும். எங்கள் டெக்கில் எவ்வளவு என்று பிறகு அளந்து பார்த்தேன். பின்னேரம் 5 மணிக்கு 66. அம்மா உள்ளே போனதில் ஆச்சரியமில்லை.

டெசிபெல் கணக்கு

டெசிபெல் சாதாரண எண்கணிதத்தில் கூடிக் குறைவதில்லை. இது விளங்கினால் விற்பனையாளர்கள் சொல்வதை நீங்களே எடைபோடலாம்.

வீதியில் ஓடும் வாகனங்களில் சரிபாதியை நிறுத்திவிட்டாலும் சத்தம் 3 டெசிபெல்தான் குறையும். அந்த 3 டெசிபெல் மாற்றம் காதுக்கு மட்டுமட்டாகத்தான் தெரியும். 5 டெசிபெல் குறைந்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். 10 டெசிபெல் குறைந்தால் சத்தம் பாதியாகிவிட்டது போலத் தோன்றும். எனவே 2 டெசிபெல் குறைக்கும் பொருளுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பது வீண். ஒரு வீட்டு வேலியால் 5 முதல் 8 வரை கிடைத்தால் அது நல்ல பெறுபேறு. சத்தமே இல்லாமல் செய்து தருவேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

தூரமும் எதிர்பார்க்கும் அளவுக்கு உதவாது. ஒரே இடத்தில் நிற்கும் இயந்திரம் என்றால் தூரம் இரட்டிப்பாகும்போது 6 டெசிபெல் குறையும். வீதி அப்படியல்ல, நீளமான கோடு மாதிரி. தூரம் இரட்டிப்பானாலும் 3 டெசிபெல்தான் குறையும். இடையில் புல்லும் மிருதுவான மண்ணும் இருந்தால் 4 அல்லது 4.5 வரை போகலாம்.

முதலில் அளந்து பாருங்கள்

அளப்பதற்குப் பெரிய கருவி தேவையில்லை. அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையோஷ் வெளியிட்ட ஒலி அளக்கும் செயலி ஐபோனில் இலவசமாகக் கிடைக்கிறது. வேறு தொலைபேசியானால் அதற்குரிய ஒரு செயலியைப் பயன்படுத்தலாம். எண் மிகச் சரியாக இல்லாவிட்டாலும், ஒரே தொலைபேசியால் அளக்கும்போது இரண்டு இடங்களுக்கு இடையிலான வித்தியாசம் தெரியும். நமக்குத் தேவை அதுதான்.

காற்றில்லாத ஒரு வாரநாளைத் தெரிவு செய்யுங்கள். ஈரவீதியில் ரயர்ச் சத்தம் கூடும் என்பதால் மழை விட்ட உடனே அளக்க வேண்டாம். டெக்கில் ஒரு தடவை, புல்தரையில் ஒரு தடவை, வேலிக்குக் கிட்ட ஒரு தடவை, வீட்டின் பக்கவாட்டில் ஒரு தடவை என்று ஒவ்வோர் இடத்திலும் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்துச் சராசரியைக் குறித்துக்கொள்ளுங்கள். கதிரையில் இருக்கும்போது காது இருக்கும் உயரத்தில் தொலைபேசியைப் பிடியுங்கள்.

அளக்கும்போது சத்தத்தின் வகையையும் கவனியுங்கள். கார்கள் 50 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டினால் நாம் கேட்பதில் பெரும்பகுதி இயந்திரம் அல்ல, ரயர் வீதியில் உரசும் சத்தம். அது நிலமட்டத்தில் பிறப்பதால் வேலியால் தடுக்கலாம். பெரிய பாரவூர்திகளின் புகைக்குழாய் வாய் 3 மீற்றருக்கு மேலும் இருக்கும். 2 மீற்றர் வேலி அதைத் தடுக்காது. ஒரே இடத்தில் “டங்” என்று திரும்பத் திரும்பக் கேட்டால் வீதியில் குழியோ தளர்ந்த இரும்பு மூடியோ இருக்கிறது. ரொறன்ரோவில் 311க்கு அழைத்து முறையிடலாம். செலவில்லாமல் தீரக்கூடிய பிரச்சினை அது.

என் சீடர் மரங்கள் ஏன் உதவவில்லை

மரம் நட்டால் சத்தம் குறையும் என்பது எம்மவர் மத்தியில் ஆழமாக ஊறிய நம்பிக்கை. முழுப்பொய் அல்ல, ஆனால் அளவு முக்கியம். அமெரிக்க மத்திய நெடுஞ்சாலை நிர்வாகத்தின் கணக்குப்படி, மறுபக்கம் தெரியாத அளவுக்கு உயரமும் அடர்த்தியுமான மரங்கள் 30 மீற்றர் அகலத்துக்கு நின்றால் 5 டெசிபெல் குறையும். 60 மீற்றர் அகலத்துக்கு நின்றால் 10 குறையும். என் சீடர் வரிசையின் அகலம் ஒரு மீற்றர்கூட இல்லை.

காரணம் எளிது. ஒலியைத் தடுக்கப் பாரம் வேண்டும். இலைக்குப் பாரமில்லை; இலைகளுக்கு இடையில் முழுக்க இடைவெளி. கிடுகு வேலி கண்ணை மறைக்கும், அடுத்த வளவில் கதைப்பதை மறைக்காது என்பது ஊரில் வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். சீடர் வேலியும் அதே கதைதான். பயற்றங்கொடிப் பந்தலும் அப்படியே.

ஆனால் நட்டதைப் பிடுங்க வேண்டியதில்லை. வாகனங்கள் கண்ணில் படாமல் மறைந்தால் சத்தத்தின் மேலான எரிச்சல் சற்றுக் குறையும். தனிமறைப்பும் கிடைக்கும். அழகுக்காகவும் நிழலுக்காகவும் நடுங்கள். சத்தத்துக்காக என்று நினைத்து நட வேண்டாம்.

வேலிக்கு வேண்டிய நான்கு

*பாரம்.* ஒன்ராறியோவில் சத்தத் தடுப்புச் சுவர்களுக்குக் கேட்கப்படும் குறைந்தபட்ச அளவு, ஒரு சதுர மீற்றருக்கு 20 கிலோ. சாதாரண ஒற்றைப் பலகை வேலி 7 முதல் 10 கிலோ வரை வரும். அதன் மேல் உட்பக்கமாக இன்னொரு பலகை அடுக்கை அடித்தால் 15 கிலோவுக்குக் கிட்ட வந்துவிடும். 2 மீற்றர் உயர வேலியால் கிடைக்கக்கூடிய குறைப்புக்கு அது போதும். மேலே கடந்து வரும் ஒலிதான் அப்போது பெரிது. பலகைக்குள்ளால் வருவது அல்ல. அதனால் விலை கூடிய விசேட விரிப்புகளைத் தேடி ஓட வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை.

*இடைவெளியின்மை.* கனடாவில் மரவேலி அடித்து ஒரு வருடத்தில் பலகை காய்ந்து சுருங்கும். இரண்டு பலகைக்கு நடுவில் விரல் நுழையும். அடியில் புல்வெட்டும் இயந்திரத்துக்காக ஐந்து சென்ரிமீற்றர் விட்டிருப்பார்கள். அந்த நீண்ட வெடிப்புகளால் ஒலி தாராளமாக நுழையும். இரண்டாவது அடுக்குப் பலகைகளை முதல் அடுக்கின் மூட்டுகளை மூடும்படி, மூன்று நான்கு சென்ரிமீற்றர் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்க அடிக்க வேண்டும். சுருங்கினாலும் வெடிப்பு திறக்காது. அடியில் பதப்படுத்திய தடித்த பலகை ஒன்றை நிலத்தோடு பொருத்தி, அதன் காலடியில் சிறு கருங்கல் கொட்டலாம். ஒலி குறையும்; மழைநீரும் கல்லுக்குள்ளால் வடியும்.

*உயரம்.* உங்கள் காதுக்கும் வாகனத்துக்கும் இடையிலான நேர்கோட்டை வேலி மறைத்தவுடன் கிட்டத்தட்ட 5 டெசிபெல் குறையும். அதற்கு மேல் ஒவ்வொரு மீற்றர் உயரத்துக்கும் ஏறத்தாழ 1.5 டெசிபெல். முதலில் கிடைப்பதுதான் பெரிய இலாபம். கதிரையில் இருந்து பாருங்கள். ஓடும் கார்கள் தெரிந்தால் வேலி வேலை செய்யவில்லை.

*நீளம்.* இதைத்தான் பலர் மறக்கிறார்கள். ஒலி மேலால் வருவதுபோல இரு முனைகளைச் சுற்றியும் வரும். வேலியிலிருந்து நீங்கள் இருக்கும் தூரத்தைப் போல நான்கு மடங்கு நீளம் இரு பக்கமும் வேலி போக வேண்டும் என்பது பொதுக் கணக்கு. வேலிக்கு 3 மீற்றர் உள்ளே இருந்தால் இரு பக்கமும் 12 மீற்றர். எங்கள் வளவின் அகலமே 12 மீற்றர்தான். அதாவது என் வேலியை மட்டும் திருத்தி முழுப்பயன் காண முடியாது. பக்கத்து வீட்டாரின் வேலியும் வேண்டும்.

நான் இரண்டு பக்கமும் போய்க் கதைத்தேன். ஒரு பக்கம் சீன முதியவர் ஒருவர். அவருக்கும் எனக்கும் பொதுமொழி குறைவு. தொலைபேசியில் அளந்த எண்களைக் காட்டினேன். அவருடைய மகள் வந்து மிச்சத்தை விளங்கப்படுத்தினார். மூன்று வளவுக்குமாக ஒரே நேரத்தில் பலகை வாங்கினோம். மற்றப் பக்கத்துக்காரர் ஒத்துக்கொள்ளாதிருந்தால், என் வேலியின் முனையிலிருந்து பக்கவேலியோடு சில மீற்றர் உள்ளே திரும்பி வரும்படி இரட்டைப் பலகை அடித்திருப்பேன். தனியாகச் செய்பவர்களுக்கு அதுதான் வழி.

எங்கே இருந்து கதைக்கிறீர்கள்?

இவ்வளவுக்கும் பிறகு நான் கண்ட பெரிய பிழை வேலியில் இல்லை. டெக்கில்தான்.

எங்கள் டெக் நிலத்திலிருந்து 1.2 மீற்றர் உயரம். அதன்மேல் கதிரையில் இருந்தால் காது 2.4 மீற்றரில். அன்றைய வேலி 1.8 மீற்றர். வீதியோ எங்கள் வளவை விட ஒரு மீற்றர் மேடு. வேலி மறைக்க வேண்டிய வாகனங்களைப் பார்க்க மேடை கட்டி ஏறியிருந்ததுபோல்தான் நாங்கள் இருந்தோம். போதாததற்குக் கதிரைகள் வீட்டின் செங்கல் சுவரோடு ஒட்டியிருந்தன. வீதியைப் பார்த்த சுவர் ஒலியைத் திருப்பி அனுப்பும். அந்த இடத்தில் மட்டும் 2 அல்லது 3 டெசிபெல் கூடும்.

வேலி, ஒலி பிறக்கும் இடத்துக்குக் கிட்ட இருக்க வேண்டும்; அல்லது கேட்பவருக்குக் கிட்ட இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நின்றால்தான் பயன் குறைவு. வீதியை நாம் நகர்த்த முடியாது. கதிரையை நகர்த்தலாம். வேலியை விட்டுத் தூரப் போவதே நல்லது என்றுதான் மனம் சொல்லும். ஆனால் உயரமான, வெடிப்பில்லாத வேலிக்கு இரண்டு மூன்று மீற்றர் உள்ளே, நிலமட்டத்தில் இருப்பதுதான் பல வளவுகளில் அமைதியான இடம். நிலத்தை ஓரடி தாழ்த்திக் கல் பதித்தால் இன்னும் நல்லது. டெக்கை விட மனமில்லாதவர்கள் அதன் வீதிப்பக்க விளிம்பில் ஓட்டை இல்லாத, பாரமான மறைப்பு ஒன்றை எழுப்பலாம். கம்பிக் கைப்பிடியும் கொடித்தட்டியும் உதவாது.

காசில்லாமல் செய்யக்கூடிய வேறு இரண்டும் உண்டு. முதலாவது, கதிரைகளைக் கிட்ட இழுப்பது. இருவருக்கிடையிலான தூரம் பாதியானால் குரல் 6 டெசிபெல் கூடிக் கேட்கும். ஒரு வேலி தரும் இலாபத்துக்கு அது சமம். இரண்டாவது, செவிப்புலன் கருவி அணிந்தவரை வீதிக்கு முதுகு காட்டி, கதைப்பவரைப் பார்த்தபடி இருத்துவது. இன்றைய கருவிகள் பலவற்றில் முன்னால் வரும் குரலைக் கூட்டி, பின்னால் வரும் இரைச்சலைக் குறைக்கும் ஒலிவாங்கி உண்டு. அந்த அமைப்பு வேலை செய்கிறதா என்று கருவியைப் பொருத்தியவரிடம் கேளுங்கள். இவ்வளவு நாளும் நாங்கள் அம்மாவை மரியாதையாக வீதியைப் பார்த்து இருத்தியிருந்தோம்.

நீரூற்று வைக்கலாமா?

தோட்டக்கடைகளில் விற்கும் சிறு நீரூற்றுகள் வீதிச் சத்தத்தைக் குறைப்பதில்லை. அதன் மேல் இன்னொரு சத்தத்தைப் போர்த்துகின்றன. தனியாக இருந்து புத்தகம் வாசிப்பவருக்கு அது இதமாக இருக்கும். வேலியோரத்தில் வைக்காமல் நீங்கள் இருக்கும் இடத்துக்குக் கிட்ட வைத்தால் சத்தம் குறைந்த சிறிய ஊற்றே போதும். ஆனால் தண்ணீரின் சலசலப்பு உயர் சுருதியில் இருப்பதால் பாரவூர்தியின் உறுமலை அது மூடாது. காது குறைந்த முதியவர்கள் கூடி இருக்கும் இடத்தில் நீரூற்று வேண்டாம். கதைப்பது விளங்காமல் கஷ்டப்படுபவருக்கு அது இன்னொரு இரைச்சல்.

தோண்ட முன்

வேலியின் உயரத்துக்கு ஒவ்வொரு மாநகரசபையிலும் உபவிதி உண்டு. பின்வளவில் சுமார் 2 மீற்றர் என்பது பல இடங்களில் எல்லை. பெரிய வீதியை ஒட்டிய வளவுக்கு வேறு அளவு இருக்கலாம். முதலில் உங்கள் மாநகரசபையிடம் கேளுங்கள். ஏற்கெனவே நிற்பது வீடு கட்டியபோதே போட்ட சத்தத் தடுப்பு வேலியா என்பதையும் கேட்க வேண்டும். அப்படியானால் அதை வெட்டவோ அதில் படலை வைக்கவோ முன் அனுமதி தேவைப்படும். அதைப் பராமரிக்கும் பொறுப்பு உங்களுடையதாகவும் இருக்கலாம்.

தூண் தோண்ட முன் ஒன்ராறியோ வன் கோலுக்கு அறிவித்து நிலத்தடியில் போகும் எரிவாயு, மின்சாரக் குழாய்களைக் குறித்துத் தரச் சொல்லுங்கள். வீட்டு உரிமையாளருக்கு இது இலவசம், சட்டப்படி கட்டாயமும்கூட. தூண் 1.2 மீற்றர் ஆழமாவது போக வேண்டும். அதற்கு மேலாக நின்றால் குளிர்காலத்தில் உறையும் மண் தூணைக் கிளப்பிவிடும். வெடிப்பில்லாத வேலி பாய்மரம் மாதிரிக் காற்றைத் தாங்க வேண்டும், பாரமும் கூட. பழைய தூணில் புதுப்பலகை அடிப்பதானால் தூண் உக்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எங்கள் வேலியில் மூன்று தூண்களை மாற்ற வேண்டி வந்தது. வளவின் பின்னெல்லையில் மழைநீர் ஓடும் தாழ்வான வாய்க்கால் இருந்தால் அதை அடைத்துவிடாதீர்கள். அயலவரின் நிலவறைக்குள் தண்ணீர் போனால் சத்தத்தை விடப் பெரிய பிரச்சினை வரும்.

வீட்டு வேலியால் முடியாதது

சில சத்தங்களை வீட்டுக்காரர் தனியாகத் தடுக்க முடியாது. நெடுஞ்சாலைக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு நான்கு ஐந்து மீற்றர் உயரச் சுவர்தான் தீர்வு. அதை மாகாண அரசுதான் கட்ட வேண்டும். மாநகர வீதியானால், சில மாநகரசபைகளில் அயலவர்கள் சேர்ந்து விண்ணப்பித்து, செலவில் ஒரு பங்கை ஏற்றுச் சுவர் கட்டுவிக்கும் திட்டங்கள் உள்ளன. வேக எல்லையைக் குறைப்பதாலும், பழுதான வீதியைப் புதிதாகப் போடுவதாலும் சத்தம் குறையும். இவற்றுக்கெல்லாம் மாநகரசபை உறுப்பினரிடம் போக வேண்டும். ஒருவர் போவதை விடப் பத்து வீட்டார் அளந்த எண்களோடு போவதற்குப் பலன் அதிகம். எம்மவர்கள் இப்படியான அலுவல்களுக்கு முன்வருவது குறைவு. எத்தனையோ விழாக்களைச் சேர்ந்து நடத்தும் எங்களுக்குப் பத்துக் கையெழுத்து வாங்குவது பெரிய காரியமல்ல.

இரவு நேரத்தில் புகைக்குழாயை மாற்றிப் பொருத்தி அதிரவைத்துக்கொண்டு போகும் கார்களை வேலியால் தடுக்க முடியாது. ஒன்ராறியோவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி ஒவ்வொரு வாகனத்திலும் ஒழுங்காக வேலை செய்யும் சத்தம் அடக்கி இருக்க வேண்டும். அது பொலிசாரின் பொறுப்பு. சில அதிகாலைகளில் சத்தம் திடீரெனக் கூடியதாகத் தோன்றினால், வாகனம் கூடியதால் மட்டுமல்ல. நிலத்துக்கு அருகில் குளிர்ந்த காற்றும் அதற்கு மேல் வெப்பமான காற்றும் இருக்கும்போது ஒலி மேலே போகாமல் வளைந்து கீழே இறங்கும். வீதியிலிருந்து வீட்டை நோக்கிக் காற்றடித்தாலும் இதே நிலைதான்.

இனி வீடு வாங்கப் போகிறவர்களுக்கு

வீட்டை ஞாயிறு காலையில் மட்டும் பார்க்காதீர்கள். வாரநாள் பின்னேரம் 5 மணிக்கு இன்னொரு தடவை போய்ப் பின்வளவில் பத்து நிமிடம் நில்லுங்கள். பனி கிடந்தால் சத்தத்தை அது உறிஞ்சியிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். டெக்கில் ஏறி நின்று, வீதி தெரிகிறதா என்று பாருங்கள். வளவை விட வீதி மேடா பள்ளமா என்று பாருங்கள். வீதி பள்ளத்தில் போனால் அது உங்கள் அதிர்ஷ்டம்.

புது வீடானால் வாங்கும் ஒப்பந்தத்தில் சத்தம் பற்றிய எச்சரிக்கைக் குறிப்பு இருக்கிறதா என்று சட்டத்தரணியிடம் கேளுங்கள். என்.பி.சி-300இன்படி பின்வளவுச் சத்தம் 55 டெசிபெலுக்கு மேல் போகும் என்று கணித்த இடங்களில் அப்படி ஒரு குறிப்புச் சேர்க்கப்படும். பல பக்க ஒப்பந்தத்தின் நடுவில் ஒரு பந்தியாகக் கிடக்கும். கையெழுத்து வைத்த பிறகு அதைக் கண்டு பயனில்லை.

எங்கள் வளவில் இப்போது இரட்டைப் பலகை வேலி 2 மீற்றர் உயரத்துக்கு நிற்கிறது. அதற்கு இரண்டரை மீற்றர் உள்ளே, சீடர் வரிசைக்கு முன்னால், புல்லைக் கொஞ்சம் தாழ்த்திக் கல் பதித்து நான்கு கதிரை போட்டிருக்கிறோம். அந்த இடத்தில் பின்னேரம் 5 மணிக்கு 60 டெசிபெல். மாகாணத்தின் இலக்கான 55ஐ எட்டவில்லை. பாரவூர்தி போனால் இப்போதும் கதையை நிறுத்திவிட்டுத்தான் தொடர்கிறோம். டெக்கில் பூச்சாடிகளும் கறிவேப்பிலைச் சாடியும் மட்டும் இருக்கின்றன.

போன கோடையில் அம்மா வேலிக்கு முதுகு காட்டி, கத்தரிப் பாத்தியைப் பார்த்தபடி அங்கே வந்து இருந்தார். நானும் மனைவியும் ஏதோ செலவுக் கணக்குக் கதைத்துக்கொண்டிருந்தோம். அவருக்குக் கேட்காது என்ற நினைப்பில்தான். “இருபது மரத்துக்கு அவ்வளவு குடுத்தனீங்களோ?” என்று நடுவில் கேட்டார்.